மயில் சாக்கில் போன புகையிலை

என் எழுத்து கோணல். எங்கே ணகரம், எங்கே னகரம் என்பதிலும் தடுமாறுவேன். படித்தது நாலாம் வகுப்பு மட்டும்தான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் புகையிலைச் சிப்பங்களின் மேல் சுண்ணாம்பால் போட்ட அடையாளங்கள். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேருக்கு முன் கதைக்க எனக்குக் கூச்சம். அக்காவின் கணவர், என் அத்தான், இதை நன்றாகச் சொல்லுவார். ஆனால் அவர் சொல்லச் சொல்லக் கடல் பெரிதாகிக்கொண்டே போகிறது. போன கிழமை அந்தக் கதையில் ஒரு சுறாவும் வந்துவிட்டது. ஆகவே நடந்தபடி எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

உலகச் சண்டைக்கு முந்திய காலம் அது. யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் எங்கள் ஒழுங்கைச் சந்தில் எல்லோருக்கும் புகையிலைத் தோட்டம். இலையை வெட்டி, வாட்டி, போறணையில் அடுக்கி, தேங்காய்ப் பொச்சுப் புகை போட்டுப் பதப்படுத்துவோம். மலையாளத்தார் வெற்றிலையோடு போடுகிற புகையிலை அது. தரகர் வருவார், விலை சொல்லுவார், கொண்டுபோவார். மலையாளத் துறையில் சுங்கத் தீர்வை அதிகம் என்று சொல்லி அவர் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

அப்போதுதான் எங்கள் அரசாங்கமும் மலையாளத்து அரசாங்கமும் ஓர் உடன்படிக்கை செய்திருப்பதாகக் கதை வந்தது. எங்கள் மண்ணில் விளைந்த இலை என்று அரசாங்கக் கச்சேரியில் அத்தாட்சிப் பத்திரம் வாங்கிக் கொண்டுபோனால், ஆலப்புழையில் பெரும்பகுதித் தீர்வையை விட்டுவிடுவார்களாம். அத்தான் கச்சேரிக்கு நடையாய் நடந்து பத்திரத்தை வாங்கினார். பிறகு வீடு வீடாகப் போய், "இந்த முறை தரகருக்குக் குடுக்க வேண்டாம். நான் கொண்டுபோறன்" என்றார். ஒழுங்கையில் முக்கால்வாசிப் பேர் அவரை நம்பி இலையைத் தந்தார்கள். தரகர் எங்கள் வாசல் படலையடியில் நின்று, "கமக்காரர் கப்பல் விடப் போறியளாம். திரும்பி வரேக்கை சொல்லுங்கோ, எருவுக்கு எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

சிப்பத்தை நாங்கள் எப்போதும் பனையோலைப் பாயில்தான் கட்டுவோம். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் பருத்தித்துறைக்குப் போய் வண்டி நிறையப் புதுசு மாதிரியான சாக்குகளோடு வந்தார். ரங்கூன் அரிசி வந்த சாக்குகள். வெள்ளையாக, கிழியாமல், நடுவில் நீலத்தில் தோகை விரித்த மயிலோடு இருந்தன. கீழே இங்கிலீசில் ஏதோ அச்சடித்திருந்தது. எங்களுக்கு அது மயில் நிற்கிற தரை மாதிரித்தான் தெரிந்தது.

"புகையிலைக்கு என்ன, கலியாணமே? பாய்க்கு என்ன குறை?" என்று அக்கா கேட்டா.

"இது தரகருக்குக் குடுக்கிற சரக்கில்லையப்பா. அரசாங்கம் பார்க்கப் போற சரக்கு. ஒரு மரியாதை வேண்டாமே?"

"அப்ப புகையிலைக்கும் ஒரு தலைப்பாகை கட்டி விடுங்கோவன்."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "தம்பி, மயில் வெளியாலை தெரியத் தைக்கோணும். முருகன் முன்னுக்குப் போகட்டும்."

எனக்கும் அது நல்லதாகவே பட்டது. தைத்து முடித்ததும் அக்காவே ஒவ்வொரு மயிலுக்கும் சந்தனப் பொட்டு வைத்தா.

வல்வெட்டித்துறையில் சரக்கை ஏற்றினோம். வள்ளத்தை ஓட்டுகிற தண்டையல் பருத்த மனிதர், வாய் ஓயாதவர். சிப்பங்களைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, அரிசி ஏத்துறியளோ, கோயில் ஏத்துறியளோ?" என்றார். அத்தான் சிரிக்கவில்லை. சரிகைக் கரைச் சால்வையை மடித்து ஓலைப்பெட்டிக்குள் வைத்தார். அதிகாரியைப் பார்க்கும்போது போடுவதற்கு.

கடலைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். அத்தானுக்குக் கன்னியாகுமரி வரைக்கும் குடல் புரட்டிச் சத்தி. எனக்கு அதற்குப் பிறகும் சத்தி. சுறா வரவில்லை.

ஆலப்புழையில் சுங்கக் கொட்டகை கூரை மட்டும் உள்ளது, பக்கச் சுவர் கிடையாது. நாங்கள் இறங்கிய நாளுக்கு மறுநாள் விஷு, மலையாளத்தார் வருடப்பிறப்பு. கடைத்தெரு மத்தியானமே அடைத்துவிட்டது. கொட்டகையையும் மாலையில் அடைத்தால் விடுமுறை கழிந்துதான் திறப்பார்களாம். தெற்கே வானம் கறுத்து இடி முழங்கியது. மழைச் சாரல் பட்டால் புகையிலை பூஞ்சணம் பிடித்துவிடும்.

அதிகாரி நாகர்கோவில்காரர், தமிழ் பேசுகிறவர். மெலிந்த ஆள், மூக்குக்கண்ணாடி. அத்தான் சால்வையைப் போட்டுக்கொண்டு பத்திரத்தை நீட்டினார். அவர் பத்திரத்தை வாசித்தார். சாக்கைப் பார்த்தார். மறுபடியும் பத்திரத்தைப் பார்த்தார்.

"நீங்க யாழ்ப்பாணமா, ரங்கூனா? ஒண்ணைச் சொல்லுங்க."

"யாழ்ப்பாணம், ஐயா."

"சாக்கு ரங்கூன்னு சொல்லுதே." மயிலின் கீழிருந்த எழுத்தில் விரலை வைத்தார். "பர்மாவில விளைஞ்சதுன்னு போட்டிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாத்திலயும். போன மாசம்தான் வேற நாட்டு இலையை உங்க ஊர்ப் பேரைச் சொல்லி ஒருத்தர் இறக்கப் பார்த்தார்."

அத்தான் தோளிலிருந்த சால்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒழுங்கைச் சனம் முழுக்க அவருக்குப் பின்னால் நிற்கிறது போல இருந்தது.

தண்டையல்தான் கதைத்தார். "ஐயா, உது முருகன்ரை மயில் எண்டு நினைச்சு வெளியாலை வைச்சுத் தைச்சவை. களவு செய்யிறவன் இப்பிடிப் பொட்டும் வைச்சே கொண்டு வருவான்?"

அதிகாரி குனிந்து சந்தனத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. "ஒண்ணை அவிழுங்க" என்றார்.

நான் தையலை அறுத்தேன். பொச்சுப் புகை மணம் எழும்பியது. கொட்டகைக் கோடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டைகளை இறக்கிவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். "ஜாப்பாணம், ஜாப்பாணம்" என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். மலையாளத்தில் எங்கள் ஊருக்கும் எங்கள் புகையிலைக்கும் அதுதான் பெயர். ஒரு கிழவர் மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து விரித்து, எனக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இலை சரி. ஆனா இந்தச் சாக்கு மேல என் முத்திரை விழாது. எல்லாத்தையும் அவிழ்த்துக் காட்டி, வேற எதிலயாவது கட்டுங்க. அடைக்கிறதுக்குள்ள முடிச்சா முத்திரை போடுறேன்."

"உள்பக்கத்தை வெளியாலை திருப்பித் தைச்சால், ஐயா?" என்று அத்தான் மெல்லக் கேட்டார்.

"மறைச்சுக் கொண்டு வந்ததா ஆகும். அது இன்னும் மோசம்."

கடைகள் இல்லை. பாய் வாங்க வழியில்லை. அத்தான் தண்டையலைப் பார்த்தார். தண்டையல் தன் வள்ளத்தைப் பார்த்தார்.

"அண்ணை, உந்தப் பார்வை எனக்கு விளங்குது. வேண்டாம். அதிலை நாங்கள் படுக்கிறனாங்கள்."

அத்தான் பார்வையை எடுக்கவில்லை.

"என்ரை பாய் மனிசி இழைச்சுத் தந்தது."

அத்தான் பார்வை வள்ளத்துக்குத் திரும்பியது.

"சரி, சரி, உப்பிடி நிக்காதையுங்கோ. பார்க்கேலாமல் கிடக்கு. டேய், பாயெல்லாத்தையும் இறக்குங்கோடா."

வள்ளத்தில் இருந்த பனையோலைப் பாய்கள் எல்லாம் வந்தன. படுக்கிற பாய், சாமான் மூடுகிற பாய், தண்டையலின் மனைவி சிவப்புச் சாயமிட்டு இழைத்த பாய். பாதியாக வெட்டி, இறுக்கிச் சுற்றி, கயிறு போட்டோம். மூட்டை தூக்குகிறவர்களும் கூட இருந்து பிடித்தார்கள். கடைசிச் சிப்பத்துக்குப் பாய் போதாமல் போயிற்று. அத்தான் தோளிலிருந்த சால்வையை எடுத்து அதன் மேல் சுற்றினார். நான் முடிச்சுப் போட்டேன். மழை விழத் தொடங்கும்போது அதிகாரி சிப்பம் சிப்பமாக முத்திரை வைத்துக்கொண்டு வந்தார். சால்வையின் சரிகைக் கரையை விரலால் ஒதுக்கினார். பிறகு அதில் மை படாமல் தள்ளிக் குத்தினார்.

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். வெற்றிலைக் கிழவர் வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்து, மலையாளத்தில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். விஷு அன்று அந்தக் கிழவர் வீட்டில்தான் சாப்பிட்டோம். தண்டையல் மூன்று தரம் பாயசம் கேட்டு வாங்கினார். பாய்க்கு அது சரியாம்.

திரும்பி வரும்போது எல்லோரும் வெறும் பலகையில் படுத்தோம். யாராவது புரண்டு முனகினால், "அண்ணை, உடன்படிக்கை முதுகிலை குத்துது" என்று தண்டையல் இருட்டுக்குள்ளிருந்து சொல்லுவார். அத்தான் முதலில் சிரித்தது அதற்குத்தான்.

ஊருக்கு வந்து வண்டியால் இறங்கியபோது ஒழுங்கை முகப்பில் இலை தந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். எங்கள் வண்டியில் சிப்பம் இருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். அத்தான், "இறங்கிட்டுது. எல்லாம் இறங்கிட்டுது. குறைஞ்ச தீர்வை, நல்ல விலை" என்றார். பிறகு சாக்குக் கதையைத் தன் வாயாலேயே சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. சனம் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அடுத்த போகத்துக்கு, தராமல் நின்ற கால்வாசிப் பேரும் எங்கள் போறணைக்கு இலை கொண்டுவந்தார்கள்.

சர்வசித்து வருடம், ஆவணி மாதம், பத்தாம் நாள்.