அவளுக்குள் ஓடிய பாட்டு

போன கரண்டு திரும்பி வந்தால் எங்கள் தெருவில் தறிகள் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. கோடி வீட்டில் ஒன்று 'டக்' என்று தொடங்கும். அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு நாலு, பிறகு எண்ண முடியாது. தெருவே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடும். இன்று மதியமும் அப்படித்தான். சோற்றில் கை வைத்தவள் பிசையாமல் உட்கார்ந்திருந்தேன். சத்தம் எனக்குப் பழகியது. அதற்கு முன்னால் இருந்த அமைதிதான் பழகவில்லை. அப்படி ஒரு அமைதியில்தான் ஒருத்தி நான் கூப்பிட்டும் திரும்பாமல் நின்றாள்.

இப்போது என்ன பாட்டுக் கேட்கிறாய் என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வருஷம் அவள் கேட்டாள். வேறு வாயிலிருந்து அது வரும்போது எனக்கு ஒட்டவில்லை.

இருவருக்கும் ஒரே தறிக்கூடத்தில் வேலை. அவளுக்கு இரண்டு தறி, எனக்கு இரண்டு. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. உள்ளே காதை நம்பிப் பேச முடியாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. புதிதாக வேலைக்கு வருகிறவள் ஒரு மாதம் தொண்டை கிழியக் கத்துவாள். அப்புறம் அவளும் வாயை மட்டும் அசைக்கப் பழகிவிடுவாள். இழை அறுந்தது, காப்பி வந்தது, எவள் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் உதடும் கையும்தான். செல்போன் வந்த பிறகு ஆளுக்கொரு வயர் காதில் ஏறியது. தறிச் சத்தத்துக்கு நடுவே சொந்தமாக ஒரு பாட்டு.

எங்களுக்குள் ஒரு வழக்கம். சந்தில் எதிர்ப்பட்டால் அவள் மோவாயைத் தூக்குவாள். என்ன பாட்டு? நான் முதல் வரியை உதட்டால் சொல்வேன். உடனே அவள் உள்ளங்கையை மலர்த்துவாள். எதுக்கு? காரணம் சொல்லாமல் நகரவிட மாட்டாள். ஒருநாள் "சும்மா" என்றேன். கையைப் பிடித்து நிறுத்திக் காதோரம் கத்தினாள்.

"சும்மா பாடுததுக்கு நீ என்ன டீக்கடை ரேடியோவா? சொல்லுட்டி!"

அதனால் காரணத்தோடுதான் பாட்டுக் கேட்கப் பழகினேன். அப்பா இறந்த நாளில் அவருக்குப் பிடிக்காத பாட்டை வைத்தேன், எங்கிருந்தாவது திட்டுகிறாரா பார்க்கலாம் என்று. அதைச் சொன்னதும் சிரித்தாள். சிரித்த வாயோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் காரணங்கள் என்னுடையதைவிடச் சின்னவை, என்னுடையதைவிட நல்லவை. "மேலநீலிதநல்லூர் பஸ்ஸுல ஒரு கெழவனும் கெழவியும் ஒத்த வாழப்பழத்தப் பிட்டுத் தின்னாவ. அதான் இன்னைக்குக் கல்யாணப் பாட்டு." இன்னொரு நாள், மெட்ராஸில் கட்டிக்கொடுத்த மகள் மூன்று நாளாகப் போன் பண்ணவில்லை, அதற்கு ஒரு தாலாட்டு. அந்தத் தாலாட்டு அவளுக்கு உயிர். மகளைத் தொட்டிலில் போட்டு அவள் பாடியது அதைத்தான்.

அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். கரண்டு போயிற்று. கூடம் முழுதும் ஒரே மூச்சில் செத்தது மாதிரி நின்றது. மற்றவர்கள் வெளியே போனார்கள். வழக்கமாக அவள்தான் முதலில் ஓடுவாள். அன்று தறியில் பாவு நூல் அறுந்திருந்ததால் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து அதை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். காதில் வயர்.

"ஏட்டி, காப்பிக்கு வாரியா?"

திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பாட்டைச் சத்தமாக வைத்திருக்கிறாள் என்று நினைத்து, பின்னால் போய் ஒரு காதிலிருந்து வயரை உருவி என் காதில் வைத்தேன். எப்போதும் செய்கிறதுதான்.

ஒன்றும் கேட்கவில்லை.

வயரின் மறுமுனை அவள் இடுப்பில் செருகியிருந்தது. போன் ஜன்னலில் கிடந்தது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். களவாணி பிடிபட்டது மாதிரி இல்லை, நான்தான் எதையோ எடுத்துவிட்டேன் என்பது மாதிரி பார்த்தாள்.

"எத்தன நாளா?" என்றேன். உதட்டைப் படித்துக்கொண்டாள்.

"போன வருசம் ஆடித்தவசுத் திருநாளுக்கு முன்னாடியே ரெண்டு காதும் போயிட்டு."

ஒரு வருஷத்துக்கு மேல். எங்கள் பிழைப்பில் மட்டும்தான் இது நடக்கும். எல்லாரும் கத்துகிற இடத்தில் அவள் கத்தியது தெரியவில்லை. எல்லாரும் உதட்டைப் பார்க்கிற இடத்தில் அவளும் பார்த்தாள். தறி நின்றால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் கரண்டு போனதும் முதல் ஆளாக ஓடியிருக்கிறாள்.

"அப்ப எங்கிட்டச் சொன்ன பாட்டெல்லாம்?"

"அது உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. கேட்ட பாட்டுதான, எங்க போவும்? முன்னையவிடச் சுத்தமா கேக்குது, தறிச் சத்தமே இல்லாம."

"பெறவு எதுக்கு வயரு?"

"வயரு இல்லன்னா நீ என்ன பாட்டுன்னு கேக்க மாட்டல்லா."

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. திருநெல்வேலியில் காது டாக்டரைப் பார்ப்போம் என்று இரண்டு மாதம் அரித்தேன். "எனக்கு ஒரு கொறையும் இல்லட்டி, ஆள விடு" என்றாள். அவள் நன்மைக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். நிஜம் வேறு. நான் ஏமாந்ததாக நினைத்தேன். புதிதாக நான் கண்டுபிடிக்கும் பாட்டுகளை அவள் கேட்க வேண்டும். நான் கேட்பதை அவளும் கேட்க வேண்டும். என் ஆசைக்கு அவள் காது வேண்டியிருந்தது. கடைசியில், என் தொல்லை தாங்காமல் வந்தாள்.

காது மெஷின் வந்தது. கடலைப்பருப்பு மாதிரி இரண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில், ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, இரண்டையும் அவள் காதில் மாட்டினேன். ஸ்டூலை இழுத்ததும் துள்ளித் திரும்பினாள். "கேக்குட்டி!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. போனை எடுத்து, வேறெதையும் யோசிக்காமல், அந்தத் தாலாட்டை வைத்தேன்.

முதல் வரிக்கு அவள் முகம் விரிந்தது. இரண்டாவது வரியில் நின்றது. மூன்றாவது வரியில் என் கையிலிருந்த போனைத் திருப்பி, சரியான பாட்டுத்தானா என்று பார்த்தாள்.

"இதுவாட்டி அது?"

"அதான். நல்லாக் கேளு."

"தகரத்தத் தரையில இழுக்காப்புல இருக்கு. பாடுதவளுக்குத் தொண்டையில என்ன?"

திரும்ப வைத்தேன். மறுபடியும் வைத்தேன். போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பேச்சுக்கு அது ஓரளவு சரியாகவும் ஆயிற்று; வாசலில் யார் கூப்பிட்டாலும் திரும்பினாள். பாட்டு மட்டும் தகரமாகவே இருந்தது. இருந்தும் நான் தினமும் ஒரு பாட்டை வைத்துக் காட்டினேன். சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று வைத்தேன்.

பத்து நாள் கழித்து, காப்பி டம்ளரோடு தறிக்கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவள் சொன்னாள், வெயிலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்கிற மாதிரி.

"இப்பம் மெஷினக் கழட்டுனாலும் தகரந்தான் கேக்குது. உள்ள இருந்ததும் அப்படியே ஆயிட்டு. தாலாட்ட நெனச்சுப் பாக்கேன், அந்தச் சத்தந்தான் முன்னுக்கு வருது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ நல்லதுக்குத்தான செஞ்ச," என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்கப்புறம் அவள் காதில் வயர் மாட்டவில்லை. சந்தில் எதிர்ப்படும்போது நானே முதல் வரியை உதட்டால் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுவாள். கை மலராது. பக்கத்தில் அவள் இரண்டு தறி, இந்தப் பக்கம் என் இரண்டு தறி; அவ்வளவு சத்தத்திலும் கூடம் எனக்கு வெறிச்சென்று கிடந்தது. என் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். எதற்கு ஓடுகிறது என்று எனக்கே தெரியாது.

மெட்ராஸ் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நிரந்தரமாக வந்துவிடு என்றாள் மகள். இவள் தன் இரண்டு தறியையும் இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். சாயங்காலம் சென்னை வண்டிக்கு நான்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மெஷினை ஒரு சின்ன டப்பாவில் போட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள்.

"மாட்டிக்கலயா?"

"பேரன் அழுதா கேக்கணும்லா, அதுக்கு மாட்டுவேன். எம்மவ கத்த ஆரம்பிச்சா கழட்டிருவேன்."

சிரித்தோம். வண்டி வந்தது. பைகளை ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்து, கீழே இறங்கி நின்றேன். ஜன்னல் கம்பியில் இருந்த அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தெரிகிற மாதிரி முகத்தை நேராக வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"தப்புப் பண்ணிட்டேன்ட்டி."

அவள் என் உதட்டையே பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. நானும் கூடவே நாலு எட்டு நடந்தேன். அப்போதுதான், பிளாட்பாரத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"போன்ல பாட்ட அனுப்பாத, ஏட்டி! அத எதுக்குக் கேட்டன்னு மட்டும் எழுது. பொய் எழுதாத!"