சகலைக்கு முதலில் கிடைத்த சாவி

சகலை வீட்டில் பால் பொங்கியபோது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் அம்மன் படத்துக்கு நேராகத்தான் நின்றிருந்தேன். கை குவிந்திருந்தது, மனசு குவியவில்லை.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எங்கள் இரண்டு பேருக்கும் ஏரியில் இறால் பிடிப்பதுதான் பிழைப்பு. பொன்னேரிப் பக்கம் கட்டுகிற அடுக்குமாடியில், லோன் போட்டு, ஒரே நாளில் ஆளுக்கொரு வீடு பதிவு செய்தோம். அவனுக்கு முன் பிளாக், எனக்குப் பின் பிளாக். அன்றைக்கே ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு அம்மன் படம் வாங்கினோம். புது வீட்டில்தான் பிரிக்க வேண்டும் என்று அக்காளும் தங்கையும் நேர்ந்துகொண்டார்கள். அவன் வீட்டு அம்மன் மல்லிகைச் சரத்தோடு சுவரில் ஏறிவிட்டாள். எங்கள் அம்மன் கோட்டைக்குப்பத்துப் பழைய வீட்டில், பரணில், செய்தித்தாளுக்குள் இருந்தாள்.

டிவியில் புயல் சின்னம் என்று சொன்னாலே என் மனைவிக்குத் தூக்கம் போய்விடும். தண்ணீர் ஏறாத மாடியில் ஒரு வீடு. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மாமியார் முதல் டம்ளர் பாயாசத்தை அவனுக்குக் கொடுத்தார். எந்த விசேஷத்திலும் அவனுக்குத்தான் முதலில். நான் பால்கனிக்குப் போனேன். எதிரே என் வீடு தெரிந்தது. பூசாத செங்கல் சுவர், கதவில்லாத ஜன்னல் ஓட்டை, உள்ளே புறாக்கள். காற்று மட்டும் இவன் வீட்டுக்கு ஜில்லென்று வந்தது.

அவன் பின்னாலேயே வந்தான். "இன்னா சகல, பாயாசம் குட்ச்சிட்டு மூஞ்சி ஏன் கருவாடு மாரி கீது?"

"ஒண்ணுமில்ல. உனுக்குக் காத்து நல்லா வருது."

"உனுக்கும் வரும். எப்ப குடுக்குறானாம்?"

"என் முறையும் வருதாம். நாளைக்கு வந்து ஒரு கையெழுத்து போடச் சொன்னாரு மேனேஜர். புதுத் தேதிக்கு ஒத்துக்கிறேன், லேட்டானதுக்கு ஒண்ணும் கேக்க மாட்டேன்னு. போட்டாத்தான் அடுத்த வரிசைல வெப்பாங்களாம்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அதே பேப்பர என்கிட்டயும் நீட்டுனான். நான் போடல. ரியல் எஸ்டேட் ஆணையத்துல புகார் குடுத்தேன். அப்புறந்தான் இந்த பிளாக்குல வேலையே நடந்துச்சு."

"அதான் முறை தாண்டிப் பூந்துட்ட."

எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை எங்கள் ஊரில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அதைப் பாடு என்போம். அடுத்தவனுடைய பாடு நாளில் இறால் துள்ளினாலும் நான் கரையில்தான் உட்கார்ந்திருப்பேன். என் நாளில் எவனும் அங்கே வலை வைக்கமாட்டான். பில்டர் ஆபீசில் "வரிசையா குடுத்துனு வரோம்ணே" என்று சொன்னபோது நான் அந்தக் கணக்கில்தான் தலையாட்டிவிட்டு வந்தேன். மறுபடி போய்க் கேட்கவே கூச்சமாக இருந்தது.

சகலை சிரித்தான். "யோவ், ஏரில முறை வெச்சது ஊரு. உன் நாளு தப்புனா ஊரு கேக்கும். இங்க முறை வெச்சது யாரு? வூடு குடுக்க வேண்டியவனே! உன் முறை அக்ரிமெண்ட்ல தேதியா கீது. அந்தத் தேதி போயி ரெண்டு புயல் பாத்துட்டோம்."

"அதுக்கு இன்னா பண்றது?"

"வூடு வேணான்னா கட்டுன துட்ட வட்டியோட திருப்பிக் கேக்கலாம். வூடுதான் வேணுன்னா, சாவி குடுக்குற வரிக்கும் மாசா மாசத்துக்கு வட்டி கேக்கலாம். சட்டத்துல கீது. கையெழுத்து போட்டியோ, நீதான ஒத்துக்கினன்னு அந்தப் பேப்பரையே உன் முன்னாடி ஆட்டுவான்."

அவன் சொல்வது சரி என்பதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. இவனும் என்னைப் போலத் தலையாட்டிவிட்டு வந்திருந்தால் இரண்டு பிளாக்கிலும் புறா இருந்திருக்கும். எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் ஆபீசில் மேனேஜர் பேனாவைத் திறந்தே நீட்டினார். "சும்மா ஒரு பார்மாலிட்டிண்ணே."

"அக்ரிமெண்ட்ல போட்ட தேதிய மாத்த நான் ஒத்துக்கல" என்றேன். சகலை சொல்லிக்கொடுத்த வார்த்தை. என் வாயில் அது அவன் குரலில் வந்த மாதிரியே இருந்தது.

"அப்ப உங்க முறை தள்ளிப் போகும்ணே."

அம்மா தாயே என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த வாரமே சகலையோடு போய்ப் புகார் கொடுத்தேன். அக்ரிமெண்ட், பணம் கட்டிய ரசீது எல்லாம் நகல் எடுத்து வைத்தது அவன்தான். "உனுக்கு என்னவிட ஜாஸ்தி மாசத்துக்கு வட்டி வரும் சகல" என்றான். அவனைவிட எனக்கு ஒன்று ஜாஸ்தி என்று கேட்டதும் மனசு துள்ளியதை மறைக்க முடியவில்லை.

விசாரணை நடக்கிறது. பின் பிளாக்கில் பூச்சு வேலைக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் மழைக்காலம் அதற்குக் காத்திருக்கவில்லை. நேற்று டிவியில் சொன்னதும் மனைவி துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள்.

"தங்கச்சி வூட்டுக்குப் போயிடலாங்க. மாடி. பயமில்ல."

அவன் வீட்டில், அவன் காற்றில், அவன் விரிக்கிற பாயில் படுக்க வேண்டும். "போலாம்" என்றேன்.

அவள் பரணைப் பார்த்தாள். "அம்மன் படம்? தண்ணி பூந்துட்டா?"

இறக்கி, செய்தித்தாளோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன். "எத்துனு வா. ஆனா அங்க பிரிக்காத."