ஆள் வராத கதிரை

கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், மல்வேர்ன் என்ற இடத்துக்குப் பக்கத்தில், முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை செய்கிறேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரு சின்ன வட்ட மேசை இருக்கும். வெள்ளை விரிப்பு, கவிழ்த்து வைத்த கிளாஸ், ஒரு பிளேட்டில் எலுமிச்சைத் துண்டும் ஒரு கிள்ளு உப்பும், பக்கத்தில் வெறுங்கதிரை. போருக்குப் போய்த் திரும்பி வராதவர்களுக்கானது. எலுமிச்சை அவர்கள் பட்ட பாட்டுக்கு, உப்பு வீட்டிலிருப்பவர்களின் கண்ணீருக்கு. வெள்ளிக்கிழமைகளில் கிழவர்கள் அதன் முன்னால் எழுந்து நின்று தலை குனிந்த பிறகுதான் முதல் பியரைத் தொடுவார்கள். அந்தக் கதிரையில் ஒருவரும் உட்காருவதில்லை.

ஊரில் என் அண்ணனை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். செத்தான் என்றும் தகவலில்லை, இருக்கிறான் என்றும் தகவலில்லை. "படத்துக்கு மாலையைப் போட்டுத் திவசத்தைச் செய்யுங்கோ" என்று சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள். அம்மா கடைசிவரை மாலை போடவில்லை. கூட்டிப் போனவர்களும் பட்டாளத்துச் சட்டை போட்டவர்கள்தான். அதனால் முதலில் இந்த மேசையைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு துடைக்கும்போது அவனையும் நினைத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

போன மாதம் எங்கள் தமிழ் ஆட்கள் ஒரு பிறந்தநாளுக்கு மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ் தட்டோடு வெளியே வந்தால், அந்த விரிப்பின் மேல் கேக். கிளாஸ் ஜன்னலோரம் கிடந்தது. "வெள்ளையளும் கண்ணூறு நாவூறு கழிக்கினம் போல" என்று எலுமிச்சையைக் காட்டிச் சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேக்கை நானே தூக்கி வேறு மேசையில் வைத்தேன்.

திரும்பினால், ஒருவர் கதிரையை இழுத்துக்கொண்டு போகிறார். அவரை எனக்குத் தெரியும். காணாமல் போனவர்களின் படங்களோடு டவுன்டவுனில் நடக்கிற எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் நிற்பவர். வேறு யாராவது என்றால் தெரியாமல் செய்கிறார் என்று விட்டிருப்பேன்.

"அண்ணை, உந்தக் கதிரையை விடுங்கோ. உது திரும்பி வராத ஆக்களுக்கு வச்சது."

"சனம் இருக்க இடமில்லாமல் நிக்குது, தங்கச்சி. மண்டபம் இண்டைக்கு எங்கட. ஆர் வரப்போகினமெண்டு உதைப் பொத்திப் பிடிக்கிறீர்?"

"என்ரை அண்ணன்!"

மண்டபமே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். அவர் கையை எடுத்தார். கதிரையைப் பழைய இடத்தில் வைத்து, கிளாஸையும் கவிழ்த்துவிட்டு, கேக் வெட்டி முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். ரோல்ஸ் ஆறினால் ஆறட்டும்.