எல்லை தாண்டிய வேர்

கிள்ளானில் வருடக் கடைசி மழை கொட்டித் தீர்த்ததும் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் வைப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, அடைத்த சாக்கடையையும் அழுகிய செடிகொடியையும் கூடி வாரி லோரியில் ஏற்றவேண்டும். போன வருடம் அந்த ஞாயிறு நான் காஜாங்கில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். திரும்பி வந்தால், கேட்டுக்கு வெளியே நின்ற என் கறிவேப்பிலை மரத்தைக் காணோம்.

பக்கத்து வீட்டுக்காரிதான் வெட்டச் சொல்லியிருக்கிறாள்.

"இலையெல்லாம் எங்க பக்கம்தான் விழுது, ஒரே குப்பை லா அக்கா. அதான் லோரியில ஏத்திட்டோம்," என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

பத்து வருடமாகக் கேட்காமலே ஒடித்துத் தாளித்தவள்! காரியம் முடிந்ததும் மனிதர்களைக் கறிவேப்பிலையாய்த் தூக்கி எறிவார்கள். இவள் கறிவேப்பிலையையே எறிந்துவிட்டாள். புளித்த மோர் ஊற்றி ஊற்றி நான் வளர்த்த மரம். வயிறு எரிந்தது.

மறுநாள் மிச்சத்தைச் சுத்தம் செய்ய இறங்கினேன். ஊறிய சருகு, ஒடிந்த கிளை, அடிக்கட்டை எல்லாம் எடுத்தபின் பார்த்தால், தடித்த வேர் ஒன்று அவள் வாசலில் பதித்திருந்த புது டைல்ஸுக்கு அடியில் போயிருந்தது. கறிவேப்பிலை வேரை அறுத்தால் சும்மா இருக்காது, கன்று கன்றாகக் கிளம்பும். எல்லையில் நறுக்கென்று அறுத்தேன். என் பக்கத்து வேரை மட்டும் துண்டு மிச்சமில்லாமல் தோண்டி எறிந்தேன். அன்றைக்கு நன்றாகப் பசித்தது.

சீனப் பெருநாள் கழிந்ததும் டைல்ஸ் இடுக்கில் பச்சை தலைகாட்டியது. பிடுங்கினாள், ஒன்றுக்கு மூன்றாய் வந்தது. இரண்டு டைல்ஸ் தூக்கிக்கொண்டன. நான் வாசலில் நின்று கண்குளிரப் பார்த்தேன்.

"அக்கா, உங்க மரம் எங்க வாசல்ல முளைக்குது. என்னா செய்றது?"

"என் மரமா? அதத்தான் லோரியில ஏத்திட்டீங்களே லா."

முகம் சுண்டிப்போனது அவளுக்கு.

ஆனால் அதோடு பிடுங்குவதை நிறுத்திவிட்டாள். டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, கன்றைச் சுற்றிலும் செங்கல் வைத்தாள். இப்போது இடுப்புயரம் நிற்கிறது. என் பக்கம் வெறும் மண். நான் பாசாரில் வாடின கொத்தை வாங்கி வருகிறேன்.

நேற்றுக் காலை அவள் வீட்டிலிருந்து ரசம் தாளிக்கிற வாசனை வந்தது. என் இலையின் வாசனை எனக்குத் தெரியாதா?

"ஒரு கொத்து தரவா அக்கா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"வேணாம் லா, இருக்கு," என்றேன். என் அடுப்பில் கடுகு மட்டும் வெடித்துக்கொண்டிருந்தது.

வருகிற ஞாயிறு மறுபடியும் கோத்தோங் ரோயோங். இந்த முறை நான் எந்தக் கல்யாணத்துக்கும் போவதாக இல்லை.