சந்தைக்கு வந்த சுக்குக் காப்பி

தமிழ்நாட்டில் மதுவிலக்கு மறுபடியும் வந்திருந்த சமயம். எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், வேலந்தாவளம் சந்தையை ஒட்டிய கள்ளுக்கடைகளில் அந்தப் பக்கத்துக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. என் வீட்டுக்காரர் அந்தச் சந்தையில் மாட்டுத் தரகர். வியாபாரம் படிந்தால் வாங்கியவர், விற்றவர், தரகர் மூவரும் சேர்ந்து கள் குடிப்பது அங்கே வழக்கம். மறுத்தால் மாடு ராசியில்லாமல் போகும் என்பார்கள். அந்த வழக்கம்தான் அவரைப் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. இனிமேல் தொட்டால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகு, எங்கள் பகுதி நர்ஸ் அவரைப் பார்க்க வந்தார். மலையாளப் பெண்மணி. நான் புது ஆட்களிடம் பேசக் கூசுகிறவள். கதவோரம் நின்றுதான் பதில் சொன்னேன். ஏன் குடிக்கிறார் என்று அவர் கேட்கவேயில்லை. எங்கே, எப்போது, யாரோடு என்றுதான் கேட்டார். கடைசியில், "ஆஸ்பத்திரியில குடிக்காம இருக்கறது ஈஸியாணு. சந்தையில எப்படி இருக்கும்? அதுக்கு மருந்து என்கிட்ட இல்ல. நீங்க ரெண்டு பேரும்தான் யோசிக்கணும்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு வேறு தொழில் தெரியாது. சந்தைக்குப் போயே ஆக வேண்டும். அதனால் நானும் போனேன், ஒரு குண்டான் சுக்குக் காப்பியோடு. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் மாட்டுச் சந்தையில் கால் வைத்ததில்லை. புளியமரத்தடியில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியதுமே இன்னொரு தரகர் ஆரம்பித்தார். "ஏனுங்க, அம்மணியவும் ஓட்டிட்டு வந்துட்டீங்களா? பல்லப் பாத்து வெல சொல்லட்டுங்களா?" எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் கையைக் கோத்து, விரலைத் தொட்டுத்தான் பேசுவார்கள். என் வீட்டுக்காரருக்கோ கை நடுக்கம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. ஒரு ஜோடி காளைக்குப் பேசும்போது, வாங்க வந்த பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி சட்டென்று கையை உருவிக்கொண்டார்.

"என்னங்க, வெல சொல்றீங்களா, கிச்சுகிச்சு மூட்டறீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஒரு மொந்தை கள்ளு உள்ள போனா எல்லாம் நின்னுக்குமுங்க" என்று அந்தக் கேலிக்காரத் தரகர் என் வீட்டுக்காரருடைய தோளைப் பிடித்துக் கடைப் பக்கம் திருப்பினார். அவரும் நடக்கத் தொடங்கிவிட்டார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மாடுகளுக்கு நடுவில் புகுந்து, டம்ளரோடு அவருக்கு முன்னால் போய் நின்றேன். "இதைக் குடிச்சுப்போட்டுப் பேசுங்க" என்றேன். பிறகு அந்த விவசாயியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "கள்ள உட்டதுனாலதான் கை நடுங்குதுங்க. வெலயில ஒரு நடுக்கமும் இல்லீங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். விவசாயி மறுபடி துண்டுக்கடியில் கையை நீட்டினார். வியாபாரம் படிந்தது. "எங்களுக்கும் ஊத்து அம்மணி. மனுசனுக்கு ஆகற சுக்கு மாட்டு ராசிக்கு மட்டும் ஆகாமப் போயிருமா?" என்றார் விவசாயி. விற்றவரும் சேர மூவரும் காப்பி குடித்துத்தான் காளைகள் கைமாறின. கேலி செய்தவரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுக் கள்ளுக்கடைக்கும் போனார், அது வேறு.

அதற்குப் பிறகு சந்தை தவறாமல் நானும் போகிறேன். நடுவில் ஒருமுறை என் வீட்டுக்காரர் சறுக்கிக் கள் குடித்தார்; அடுத்த சந்தைக்கும் குண்டானைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். இப்போது, ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் திரும்பிய வீடுகளுக்குப் போகும்போது அந்த நர்ஸ் என்னையும் கூட்டிப்போகிறார். என் வீட்டுக்காரருடைய கை இப்போது நடுங்குவதில்லை. புது ஆட்கள் முன்னால் என் குரல்தான் இன்னும் நடுங்குகிறது. ஆனாலும், டாக்டர் சொல்லி அனுப்பியதைக் காப்பாற்ற சந்தை நடுவில் ஒரு டம்ளரை நீட்டும் கையும் வேண்டும் என்று அந்த வீட்டுப் பெண்களிடம் தலை நிமிர்ந்தே சொல்கிறேன்.