சாய்ஸில் விடாத பாடம்

“ஏட்டி, அந்த ரியல் அனாலிசிஸைச் சாய்ஸில விடு. உனக்க வீட்டில பத்து தாண்டினதே நீ ஒருத்திதான். அதெல்லாம் மண்டையில ஏறாது.”

முதுகலைக் கணித நுழைவுத் தேர்வுக்காக நான் சேர்ந்திருந்த புதுக்கடைப் பயிற்சி வகுப்பின் வாத்தியார் சொன்னது இது. பத்தைத் தாண்டிய நான் கணிதப் பட்டமும் வாங்கிய பிறகுதான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

சாய்ஸில் விடுவது எங்கள் கல்லூரிகளில் ஒரு பெரிய கலை. வினாத்தாளில் இது அல்லது அது என்று கேட்பார்கள். கடினமான பாடத்தைத் தொடாமலேயே முதல் வகுப்பில் தேறிவிடலாம். அவரும் அப்படித் தேறியவர்தான். அந்தத் தந்திரத்தையே அறிவு என்று நினைத்து, வந்தவர்களுக்கெல்லாம் விளம்பிக்கொண்டிருந்தார்.

நுழைவுத் தேர்வில் ‘அல்லது’ கிடையாது. பழைய வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். புரட்டிய பக்கமெல்லாம் அனாலிசிஸும் லீனியர் அல்ஜிப்ராவும்தான். அவர் மாதக்கணக்கில் நடத்திய வகைக்கெழுச் சமன்பாடுகள் ஓர் ஓரத்தில் இருந்தன. அவர் பேச்சைக் கேட்டால் எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காது.

மறுநாள் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“மக்கா, இத்தனை வருசமா நடத்துகேன். எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சிருந்தா நடத்தியிருப்பியளே, சார்.”

பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, மீண்டும் அதே வகைக்கெழுச் சமன்பாட்டை எழுதத் தொடங்கினார்.

அத்தோடு அந்த வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நூலகத்திலிருந்து அனாலிசிஸ் புத்தகத்தை எடுத்துவந்து, முதல் அத்தியாயத்தின் கணக்குகளை எல்லாம் போட்டு முடித்துவிட்டு, இப்போது இரண்டாவதில் இருக்கிறேன்.