காலாப்பட்டிலிருந்து முத்தியால்பேட்டைக்கு, காற்றுப் பெட்டியோடு

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு, மடியில் ஒரு பெட்டியோடு காலாப்பட்டில் பேருந்து ஏறினேன். எங்கள் கரையில் காற்றின் வேகம் சொல்லும் பெட்டி அது. கரைக் கம்பத்தில் மாட்டியிருக்கும்; இணையம் வேண்டாம், கம்பத்தருகே நின்று கைபேசியில் அதன் பக்கத்தைத் திறந்தால் போதும். இருபது நாளைக்கு முன் ஒரு விடியலில் அது திறக்கவில்லை. காற்று ஏறுவது தெரியாமல் கடலுக்குப் போன என் தம்பி கலியன் திரும்பவில்லை. பெட்டியைப் பிடுங்கி எறியச் சொன்னார்கள் ஊரில். ஏன் நின்றது என்று தெரியாமல் எறிய எனக்கு மனம் வரவில்லை. (எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.)

"இன்னா பெரியவரே, மீனா?" என்றார் நடத்துனர். காற்று பார்க்கும் பெட்டி என்றேன். "காத்துக்கு டிக்கெட் இல்ல, உங்களுக்கு மட்டும் எடுங்க." பதினைந்து ரூபாய். இருபத்தைந்து நிமிடத்தில் முத்தியால்பேட்டை மணிக்கூண்டு நிறுத்தம். அங்கிருந்து இரண்டு தெரு நடந்தால் விமலாவின் பட்டறை.

பெட்டியைச் செய்தவர் விமலா. முன்பு இந்த வேலையை வலைக்கொட்டகையில் ஒரு பெரிய கணினி செய்தது. உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டதால், கைபேசிகளுக்குப் பதில் தரும் அதே சர்வர் நிரலைத் தீப்பெட்டி அளவு மின்னணு அட்டைக்குள் கொண்டுவந்தார். பட்டறையில் ஒரு வாரம் நிற்காமல் ஓடியதாம்; கரையில் மாட்டிய முதல் விடியலிலேயே நின்றுவிட்டது. அன்று நடந்ததை வரிசையாகக் கேட்டார்.

சொன்னேன். நாலு மணி ஐந்துக்கு முருகன் பார்த்தான். நாலே காலுக்குச் சேகர். நாலரைக்கு மாரியும் அவன் மச்சானும். அப்போது காற்று அடங்கியிருந்தது. பார்த்ததும் கைபேசியைப் பாலிதீன் பையில் சுற்றி, ரப்பர் போட்டு, படகேறிப் போனார்கள்; காற்று ஏறியபின் எப்படியோ கரை சேர்ந்தார்கள்.

"பக்கத்த மூடலையா ஐயா?"

"ஈரக் கையோட யாரும்மா மூடுவா? அப்படியே கட்டிடுவோம்."

விமலா கணினியில் நிரலைத் திறந்து பார்த்தார். பிறகு விளக்கினார். அட்டை நொடிக்கொரு தரம் காற்றை அளந்தே ஆகவேண்டும், ஒன்றும் தவறக்கூடாது. அதனால் ஒரே நேரத்தில் பார்க்கும் கைபேசிகளுக்கு நாலு இடம்தான் ஒதுக்கினார். பக்கத்தை மூடாமல், சொல்லாமல் போனவர்களின் இடத்தைப் பெரிய கணினி தானே காலி செய்துகொள்ளும். சிறியதற்கு மாற்றும்போது அந்த வேலை விட்டுப்போனது. கடலுக்குப் போனவர்கள் பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார்கள்.

"அஞ்சாவதா பாத்தது யாரு?"

"என் தம்பி."

தலை நிமிராமல், "நான்தான் ஐயா விட்டுட்டேன்" என்றார்.  சரி பண்ணும்மா என்று மட்டும் சொன்னேன்.

பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது. முப்பது நொடி தொடர்பு இல்லாத கைபேசியின் இடம் இனிக் காலியாகிவிடும். பட்டறையில் வேலை செய்யும் பையன்களிடம், நாலு கைபேசியில் பக்கத்தைத் திறந்து, மூடாமல், பாலிதீனில் கட்டி, மணிக்கூண்டு வரை கொண்டுபோகச் சொன்னேன். ஐந்தாவதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். கலியனுடையது. "பொட்டி தூங்குது, நீயே வெச்சிக்கண்ணே" என்று அன்று என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் படகேறினான்.

திறந்தது. பட்டறை மின்விசிறியின் காற்றைக் காட்டியது.

உங்கள் கரைப் பெட்டியை எடுத்துப் போகிறவர்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; பேருந்தில் சாமான் வைக்கும் மேல்தட்டின் அதிர்வு ஆகாது. நின்றுவிட்டது என்று மட்டும் சொல்லாமல், யார் யார் எந்த வரிசையில் பார்த்தார்கள், எப்படிப் போனார்கள் என்று சொல்லுங்கள். எத்தனை இடமோ, அதற்கு மேல் ஒரு கைபேசி வைத்துச் சோதியுங்கள்.

பெட்டி மறுபடி கம்பத்தில் இருக்கிறது. தினமும் நாலு பேர் பார்த்துப் போனபின், கலியனின் கைபேசியில் நான் திறந்து பார்க்கிறேன். திறந்தால்தான் அடுத்த படகைத் தள்ள விடுகிறேன்.